எதையும் நிறுத்தாத வால்வு

வீடு மாறி வந்து பதினாறு நாட்கள் ஆகியிருந்தன. பாப்பா வந்து பன்னிரண்டு.

அன்று காலையும் பாப்பாவின் தலையணை உறை ஈரமாக இருந்தது. வியர்வை என்றால் அவள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் அவள்; மனித உடம்பிலிருந்து வரும் ஒவ்வொரு ஈரத்துக்கும் ஒரு வாடை உண்டு என்பது அவளுக்குப் பழக்கம். இதில் அந்த வாடை எதுவும் இல்லை. நெடுநாள் மூடிக் கிடந்த சிமெண்டின் வாடை, அதற்கு அடியில் லேசாகப் பாசி. உறையை உருவிக் கொடியில் போட்டாள். காய்ந்திருந்த இன்னொன்றை எடுத்து மாட்டினாள். பல் தேய்ப்பது போல இதுவும் காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

பாப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. இப்போதுதான் குளிப்பாட்டித் துவட்டியது போலத் தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. எப்போதும் அப்படித்தான். அவள் இறங்கி நடந்தால் தரையில் சின்னச் சின்ன ஈரப் பாதங்கள் விழும். ஓரத்திலிருந்து சுருங்கி, குதிகால் மட்டும் மிஞ்சி, பிறகு அதுவும் மறைந்துவிடும். கணவர் அந்தத் தடங்களைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பார். ஒருநாளும் மிதித்ததில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. தலையணை உறைகளைப் பற்றி அவரும் கேட்கவில்லை.

இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது தரகரிடம் அவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். தரைக்குள் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா?

"இல்லீங்க, எல்லாம் மேலதான், மொட்டைமாடியில" என்றார் தரகர், அதை ஒரு குறை என்று நினைத்துக்கொண்டு, சமாதானம் சொல்கிற குரலில். அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

பாப்பாவின் அறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. சுண்ணாம்பு உப்பி, தொட்டால் மாவாக உதிர்ந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. கணவர் சுவரின் வெளிப்பக்கத்தைப் பார்க்கப் போனார். சற்று நேரத்தில் அவர் குரல் கேட்டது.

"ஏம்மா, கொஞ்சம் இங்க வா. இதைப் பாரு."

வீட்டுக்குப் பின்னால், மதிலுக்கும் பாப்பாவின் ஜன்னலுக்கும் நடுவில், உதிர்ந்த இலைகள் மட்கிக் கிடந்த இடத்தில் அவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். செருப்பு சேற்றில் பாதி புதைந்திருந்தது. இலைகளை ஒதுக்கிய இடத்தில் வட்டமான ஓர் இரும்பு மூடி தெரிந்தது. எழுத்து, அடையாளம் எதுவும் அதில் இல்லை. ஸ்பேனரின் நுனியால் நெம்பித் திறந்தார். செங்கல் கட்டிய ஒரு சிறிய குழி. அதற்குள் ஒரு வால்வு.

பித்தளை உடம்பு, மேலே வட்டக் கைப்பிடி. கைப்பிடி முழுக்க முத்து முத்தாக வியர்த்திருந்தது, ஐஸ் தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளரைப் போல. உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் வெளியே இப்படி வியர்க்கும். அவள் விரலால் ஒரு துளியைத் தொட்டுப் பார்த்தாள். எலும்புவரை சில்லென்றது.

"மெயின் வால்வு வாசல்ல மீட்டர்கிட்ட இருக்கு" என்றார் கணவர். "டேங்குக்குப் போறது மாடிப்படி பக்கத்துல. தோட்டத்துக் குழாய்க்குத் தனியா ஒண்ணு. எல்லாம் முதல் நாளே பாத்துட்டேன். அப்ப இது எது?"

"பழைய வால்வா இருக்கும்."

"பழசுன்னா ஏன் இப்படி வேர்க்குது?"

கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த சுவிட்ச் எதை நிறுத்துகிறது என்று தெரியாத இடத்தில் அவரால் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியாது. புது வீட்டுக்கு வந்ததும் சட்டிபானையைப் பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி, எந்த விளக்கு அணைகிறது என்று பார்த்தவர். அவருடைய தொழிலில் அதற்கு ஒரு முறை உண்டு: ஒருவர் அணைக்க வேண்டும், இன்னொருவர் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும், இருவரும் கத்திச் சொல்ல வேண்டும்.

"நீ உள்ள போ. நான் மூடறேன். ஒவ்வொரு குழாயா தொறந்து பாத்துச் சொல்லு."

அவள் உள்ளே போனாள். பாப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஈரக் கையால் மேசைமேல் வட்டம் வட்டமாக வரைந்துகொண்டிருந்தாள். பின்பக்கமிருந்து உலோகம் உலோகத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. மெதுவாக. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"சமையல்கட்டு?" வெளியிலிருந்து குரல்.

"வருது!"

"பாத்ரூம்?"

"அதுவும் வருது!"

"ஷவரு?"

"வருதுங்க!"

"துணி துவைக்கிற மெஷினு?"

"எல்லாமே வருது! மாடிக் குழாய் கூட வருது!"

"அப்ப இதை எதுக்குத்தான் வெச்சிருக்காங்க, அழகுக்கா?"

அவள் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. வந்த வழியே போயும்விட்டது. பாப்பா வரைவதை நிறுத்திவிட்டு இரண்டு கைகளாலும் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, யாரோ உள்ளேருந்து காதை மூடற மாதிரி இருக்கு."

"ஒண்ணுமில்ல கண்ணு."

கடைசிச் சுற்று இறுகியபோது வீட்டில் ஒரு சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் அது இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்தது என்பதே அவளுக்குத் தெரிந்தது. எங்கோ தூரத்துக் குழாயில் தண்ணீர் ஒரே சீராக ஓடுவது போன்ற மெல்லிய இரைச்சல். படுத்திருக்கும்போதும் சமைக்கும்போதும் குளிக்கும்போதும், சுவருக்குள்ளிருந்தோ தன் தலைக்குள்ளிருந்தோ வருகிறது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றாமல், அமைதி என்றால் இப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டிருந்த அந்த இரைச்சல். இப்போது இல்லை.

கணவர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"திரும்பத் தொறந்துட்டீங்களா?"

"எதுக்கு? ஒண்ணும் நிக்கலியே. எங்க போகுதுன்னு தெரியாத லைன். தெரியாததை அணைச்சே வெக்கணும். அதுதான் முறை."

லிஃப்டுக்கு அது சரியான முறை. கயிற்றில் தொங்குகிற ஒரு பெட்டிக்குள் ஆட்கள் நிற்கிற வேலையில், தெரியாத சுவிட்சை அணைத்து வைப்பதால் பத்துப் பேர் உயிர் தப்பும். அவளும் பரிசோதனைக் கூடத்தில் அப்படித்தான். பெயர் ஒட்டாத குப்பியை ஓரமாக எடுத்து வைப்பாள், எதனோடும் சேர்க்கமாட்டாள். அதனால் அவள் மறுத்துப் பேசவில்லை.

அன்று மாலை கூடத்தின் குறுக்கே கணவர் நேராக நடந்து போனார். அவர் எதையும் சுற்றிக்கொண்டு போகவில்லை என்பதை அவள் கவனித்தாள். பாப்பா அப்போதுதான் அதே வழியாக ஓடியிருந்தாள். தரையில் ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலை தலையணை உறை காய்ந்திருந்தது.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எந்த வீட்டிலும் எந்தத் தாயும் சந்தோஷப்படுவாள். உறையை முகர்ந்து பார்த்தாள். பருத்தி வாடை மட்டும்.

"தண்ணி வேணும்மா" என்றாள் பாப்பா.

கொடுத்தாள். இன்னொரு தம்ளர் கேட்டாள். கொடுத்தாள். தட்டில் வைத்த முட்டை அப்படியே இருந்தது. பாலைத் தொடவில்லை. தண்ணீர், தண்ணீர். தலை வாரிவிட்டபோது முடி சீப்போடு சேர்ந்து எழும்பியது. ஒவ்வொரு இழையும் தனித்தனியாக, லேசான படபடப்புச் சத்தத்தோடு, சீப்பு போகிற பக்கமெல்லாம் சாய்ந்தது. மத்தியானம் ஆகியும் பாப்பா ஒருமுறைகூடக் கழிப்பறைக்குப் போகவில்லை. குடித்ததெல்லாம் எங்கே போகிறது?

அண்ணன் போன் செய்தார். அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எப்படிம்மா இருக்க?"

"இருக்கேண்ணா."

"வேலைக்குப் போறியா?"

"லீவுலதான் இருக்கேன்."

"நான் வேணும்னா வந்து ரெண்டு நாள் இருக்கட்டுமா? உங்க அண்ணி கூட சொல்லிட்டே இருக்கா."

"வேணாம்ணா."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நீங்க விட்டுட்டுப் போன பாப்பா துணியெல்லாம் எங்க வீட்டுல அப்படியே இருக்கு. மூட்டை கட்டி வெச்சிருக்கோம். என்ன பண்றதுன்னு தெரியல. யாருக்காவது குடுத்துடலாமான்னு..."

"குடுக்காதீங்க. அனுப்பி வைங்க. இங்க மாத்துத் துணி பத்தல."

"யாருக்கு?"

கதவுக்குப் பின்னால் பாப்பா, "அம்மா, தண்ணி" என்று கூப்பிட்டாள். நல்ல சத்தமாகவே கூப்பிட்டாள். போனின் அந்தப் பக்கத்தில் அண்ணனின் மூச்சு நின்றது. அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

உள்ளே போய்த் தண்ணீர் ஊற்றினாள். பாப்பாவின் உதடு வெடித்திருந்தது. ஆனால் ரத்தம் வரவில்லை. அவள் பாப்பாவின் புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தாள். உடம்பில் நீர் குறைந்திருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் செய்வதுதான். நல்ல உடம்பில் தோல் உடனே படிந்துவிடும். மோசமாக இருந்தால் இரண்டு மூன்று நொடி ஆகும்.

பாப்பாவின் கையில் அது படியவே இல்லை. கிள்ளிய இடம் கிள்ளியபடியே, துணியில் விழுந்த மடிப்பைப் போல நின்றது. அவள் கட்டைவிரலால் நீவிச் சமன் செய்தாள். இதைப் பார்த்ததும் கத்த வேண்டும் என்று தோன்றியது. எங்கிருந்து கத்துவது என்று தெரியவில்லை. நெஞ்சுக்குள் மரத்துப்போன ஒரு பல்லைப் போல ஏதோ இருந்தது. இருப்பது தெரிகிறது, வலிக்கவில்லை.

டாக்டரிடம் கொண்டுபோகலாம். பெயர் கேட்பார்கள். வயது கேட்பார்கள். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்ப்பார்கள்.

மாலையில் கணவர் வந்ததும் சொன்னாள்.

"அந்த வால்வைத் தொறந்து விடுங்க."

"எது?"

"பின்னாடி இருக்கறது."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நின்றார். "அது எதுக்கும் போகலியே."

"போகுது."

"எதுக்குப் போகுதுன்னு சொல்லு. தொறக்கறேன்."

 அவள் சொல்லமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். இந்த வீட்டில் பாப்பாவைப் பார்த்த முதல் காலையில், கணவர் அலமாரியைத் திறந்து மூன்றாவது தட்டை எடுத்து மேசையில் வைத்தார். அவள் அதில் பரிமாறினாள். எப்படி என்று அவர் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இருவரும் அந்த ஒன்றை வாய்விட்டுச் சொல்லாமல் காத்துவந்தார்கள். சொன்னால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியாது.

"அவ கையைப் பாருங்க" என்றாள்.

"பாத்தேன்."

"எப்ப?"

"காலையிலேயே பாத்தேன்." அவர் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருவேளை இதுதான் நல்லதோன்னு நினைச்சேன். நமக்கு இல்ல. அவளுக்கு."

அவள் அவரைத் தாண்டிப் பின்பக்கம் போனாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. சேறாக இருந்த இடம் இறுகி, ஓடு ஓடாகப் பிளந்திருந்தது. மூடியை நெம்பினாள். வால்வு காய்ந்திருந்தது. ஒரு துளி வியர்வை இல்லை. கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினாள்.

அது சுழன்றது. தடையே இல்லாமல், காற்றில் சுழல்வது போல, கிறுகிறுவென்று. எதையும் பிடித்துத் திருப்புகிற கனம் அதில் இல்லை.

கணவர் ஓடி வந்தார். அவளை விலக்கிவிட்டுத் தானே பிடித்துத் திருப்பினார். இடது பக்கம். வலது பக்கம். அழுத்திப் பிடித்து. மறுபடியும் இடது பக்கம். அவர் முகத்தில் ரத்தம் வற்றுவதை அவள் பார்த்தாள்.

"தண்டு அறுந்துபோச்சு" என்றார். பிறகு, "நான் வேணும்னு பண்ணலம்மா."

"தெரியும்."

"சத்தியமா வேணும்னு பண்ணல."

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பாப்பா நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் பிளம்பர் வந்தார். வாய் ஓயாத மனிதர். கணவரின் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, குழிக்குள் எட்டிப் பார்த்ததுமே சிரித்தார்.

"லிஃப்ட் ஓட்டறவர் வால்வைத் தொட்டா இப்படித்தான் சார் ஆகும். உள்ள தண்ணியை மறிக்கற தகடு கழண்டு விழுந்திருக்கும். இனிமே நீங்க நாள் பூரா சுத்தினாலும் பம்பரம் மாதிரி சுத்தும், அவ்ளோதான். தோண்டி, ரெண்டு பக்கமும் அறுத்து, புதுசு போட்டாத்தான் உண்டு. இது எங்க போகுது?"

"தெரியல" என்றார் கணவர்.

"தெரியாதா? மூடினா எது நின்னுச்சு?"

கணவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

பிளம்பர் கடப்பாரையை எடுத்தார். மண் கல்லாகியிருந்தது. நாலு குத்து குத்தி, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். குடித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார்.

"என்ன குட்டி, ஸ்கூலுக்கு மட்டமா?"

 பாப்பா கம்பியில் கன்னத்தை வைத்து அழுத்தியபடி பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கவனித்து, "வேணுமா? இந்தா" என்று கம்பி வழியாக நீட்டினார். பாப்பா வாங்கிக் குடித்தாள். மூச்சு விடாமல். பெரிய பாட்டில். தொண்டை ஏறி இறங்கவே இல்லை. திறந்த குழிக்குள் ஊற்றுவது போலத் தண்ணீர் நேரே உள்ளே போய்க்கொண்டிருந்தது. பிளம்பர் முதலில் சிரித்தார். பாட்டில் பாதியானபோது சிரிப்பு நின்றது. காலிப் பாட்டிலைத் திருப்பி நீட்டிய கையை அவர் பார்த்தார். வாங்கிக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

பிளம்பர் மறுபடி கடப்பாரையை எடுத்தார். தோண்டினார். வால்வின் இடப்பக்கம் முழங்கை நீளத்துக்குக் குழாய் போனது. அதன் முனையில் ஒரு மூடி. குழாய் அங்கேயே முடிந்தது. வலப்பக்கம் தோண்டினார். அங்கேயும் அதே நீளம், அதே மூடி. சுவர்வரை தோண்டினார். மதில்வரை தோண்டினார். மண், வேர், கல். வேறு எதுவும் இல்லை.

கடைசியில் இரண்டு கையாலும் அதைத் தூக்கி வெளியே எடுத்தார். இரண்டு பக்கமும் அடைத்த ஒரு துண்டுக் குழாய். நடுவில் வால்வு.

"இந்த மாதிரி ஒண்ணை நான் பாத்ததே இல்லம்மா" என்றார். குரல் தணிந்திருந்தது. "எதுலேருந்தும் வரல. எதுக்கும் போகல. யாரோ வேலை மெனக்கெட்டுப் புதைச்சு வெச்சிருக்காங்க."

ரெஞ்சைப் போட்டு ஒரு மூடியைக் கழற்றினார். சாய்த்துத் தட்டினார். புழுதி கொட்டியது. பொடி போன்ற, வெளுத்த புழுதி. "தண்ணியைப் பாத்தே வருஷக்கணக்காயிருக்கும்."

"ஞாயித்துக்கிழமை இது வேர்த்திருந்துச்சு" என்றாள் அவள்.

பிளம்பர் அவளைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்க்காமல் இருக்கக் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டிருந்தார்.

"பழையபடி மாட்டிக் குடுங்க" என்றார் கணவர்.

"எதுலங்க மாட்டறது?"

"இருந்த மாதிரியே. தகடை மட்டும் சரிபண்ணி, தொறந்த மாதிரி வெச்சு."

"சார், இதை எதுலயும் மாட்ட முடியாது. இது எதுலயும் மாட்டியே இல்ல." சாமான்களை அள்ளிப் பையில் போட்டார். பாதியை விட்டுவிட்டார். வாசல்வரை போனவர் அவளிடம் மட்டும், தரையைப் பார்த்துக்கொண்டு, "பாப்பா கையைப் பாத்தேன், வெயில்லயே கெடந்தாக்கூட அப்படிக் காயாதும்மா. எங்கயாவது காட்டுங்க" என்றார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. கடப்பாரை குழி ஓரத்திலேயே கிடந்தது.

கணவர் குழிக்குள் இறங்கினார். குழாயைப் பழைய இடத்தில், பழைய திசையில் வைத்தார். தகட்டைக் குறட்டால் இழுத்துப் பிடித்து, கைப்பிடியைத் திறக்கிற பக்கமாகத் திருப்பினார். மண்ணைத் தள்ளினார். தோட்டத்துக் குழாயில் ஹோஸை மாட்டி அதன்மேல் தண்ணீரைப் பாய்ச்சினார். செடிக்கு ஊற்றுவது போல. சேறாகும்வரை. வழிந்து மதிலோரம் ஓடும்வரை. மத்தியானம் முழுக்க நின்றார். சுவரில் காதை வைத்துக் கேட்டார். மறுபடி நின்றார்.

அவளும் வீட்டுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த இரைச்சல் வரவில்லை. ஹோஸின் சத்தம் மட்டும்.

பொழுது சாய்கிற நேரத்தில் பாப்பாவால் எழுந்து நிற்க முடியவில்லை. அவள் தூக்கிக்கொண்டாள். கனமே இல்லை. காய்ந்த துணிமூட்டையைத் தூக்குவது போல. கையில் எங்கோ ஏதோ சரசரத்தது. குளியலறைக்குக் கொண்டுபோய்த் தரையில் உட்கார வைத்து, ஷவரைத் திறந்தாள்.

தண்ணீர் பாப்பாவின் தலையில் விழுந்தது. முடி நனையவில்லை. மெழுகு பூசிய இலையில் விழுந்தது போல உருண்டு, தோளில் உருண்டு, மடியில் உருண்டு, வடிகாலுக்குப் போனது. அவள் கையால் அள்ளித் தேய்த்தாள். ஒட்டவில்லை. கையை எடுத்தபோது உள்ளங்கையில் வெளுத்த பொடி.

விளக்கைப் போடவில்லை. சின்ன ஜன்னல் வழியாகச் சாம்பல் வெளிச்சம்.

தண்ணீரை அள்ளினாள். ஊற்றினாள்.

அள்ளினாள். ஊற்றினாள்.

பாப்பாவின் கண்கள் உள்ளே போயிருந்தன. இமை மூடவில்லை. மூட நீளம் போதவில்லை. உதடுகள் பின்னால் இழுபட்டு, பால்பற்கள் ஈறுவரை தெரிந்தன. சிரிப்பது போல. அந்த வாய் அசைந்தது.

"அம்மா." காகிதம் கசங்குகிற குரல்.

"ம்."

"அப்பா என்ன பண்றாரு?"

"தண்ணி ஊத்தறாரு."

"எதுக்கு?"

"செடிக்கு."

"அங்க செடியே இல்லையே."

அவள் ஊற்றினாள்.

"நான் ஒண்ணு சொன்னா திட்டமாட்டியே?"

கை நின்றது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக, நெஞ்சுக்குள் மரத்துக் கிடந்த அந்த இடத்தில் ஊசி இறங்குவது போல ஏதோ நகர்ந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். 

"நீங்க ரெண்டு பேரும் சொல்லல. அதான் நானும் சொல்லல."

வாயின் ஓரம் பிளந்தது. மெதுவாக. கன்னத்தின் பாதிவரை. உள்ளே சிவப்பாக எதுவும் இல்லை. வெளுத்த பொடி ஒரு இழையாகக் கொட்டி, ஓடுகிற தண்ணீரின் மேல் நனையாமலே மிதந்து போனது. பாப்பா அதைக் கவனிக்கவில்லை. மூடாத கண்களால் ஷவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் தொட்டியில செத்துப்போயிட்டேனே. அன்னிக்கு அவ்ளோ தண்ணி குடிச்சேனே. அப்புறமும் ஏம்மா இப்படித் தாகமா இருக்கு?"